முழுப்பேர்

எங்கட பக்கத்தில் மலை இல்லை.
கீரிமலை என்று ஒன்றிருக்கிறது,
பெயர் மட்டும் மேலே ஏறி நிற்கும்,
நிலம் கேணிக்குள் இறங்கிவிடும்.
ரெங்கநாயகி மாற்றலாகி வந்த முதல் மாதம்
அங்கேதான் கூட்டிப் போனேன்.
"மலை எங்க?"
இதுதான் என்றேன்.
பஸ் வரும்வரை சிரித்தாள்.

அதனால் இந்தப் போயாவுக்கு மணற்காடு.
மந்திகையிலிருந்து என் ஸ்கூட்டியில் வெளிக்கிட்டோம்.
ஆறு ரோல்ஸ், இரண்டு போத்தல் தண்ணீர்,
அவளுடைய கனத்த சப்பாத்து.
மஸ்கெலியாவின் சிவந்த மண்
இன்னும் அதன் தையலுக்குள் இருந்தது.
என் காலில் பாட்டா.

சவுக்கங்காடு முடிகிற இடத்தில்
சட்டென்று நிற்கிறது,
இடித்துக் கொட்டியபின்
யாரும் அரிக்க வராத மாவுபோல.
அண்ணாந்து பார்க்கக்
கழுத்துக் கொஞ்சம்தான் வளைந்தது.
ஆனாலும் வளைந்தது.

மலைக்காரி விறுவிறென்று போனாள்.
ஓரடி வைத்தால் முக்காலடி கீழே.
சரிவில் பிறந்த கால்
ஒரு வேரைத் தேடியது, ஒரு கல்லைத் தேடியது.
மணலிடம் ரெண்டும் இல்லை.
"என்னடி இது, உங்க மலை நடக்குது!"
"குதியால குத்தாதை, விரலால மெல்லப் போ"
என்று பாட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு
நான் முன்னால் ஏறினேன்.
மலையில் அவளுக்கு வழி சொல்ல
எனக்கும் ஒரு நாள் வந்தது.

பாதியில் அடம்பன் கொடியருகே குந்தினோம்.
சப்பாத்தைக் கவிழ்த்தாள், அரைச் சுண்டு மணல்.
ரோல்ஸின் எண்ணெய்க் கடதாசி
காற்றில் படபடக்க,
"ஏப்ரல் லீவுக்கு உங்கட ஊருக்கு வாறன்,
விடியப் பெரிய மலை ஒண்டு ஏறி
பின்னேரம் இறங்குவம்" என்றேன்.

உடனே அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பல்லில் கடிபட்ட மணலைத் துப்பினாள்.

"எங்க லயத்துல
மலைக்குப் போறேன்னா கொழுந்தெடுக்கப் போறேன்னு அர்த்தம்.
அம்மா முப்பத்தொரு வருஷமா மலைக்குப் போகுது.
கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான்.
சும்மா ஏறிப் பாக்க வர்றவங்கள
பீலிக்கரையில நின்னு பாப்போம்,
அந்தப் பையில அப்படி என்னதான் கொண்டு போறாங்கன்னு.
நான் சும்மா ஏறுனதே இல்ல, புள்ள."

என் போனின் முகப்பில்
இரண்டு வருடமாக ஒரு தேயிலை மலை.
பச்சைக்குள் அங்கங்கே
சிவப்பாய், மஞ்சளாய்ப் புள்ளிகள்.
பூ என்றுதான் நினைத்திருந்தேன்.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

தூரத்தில் ஒரு டிப்பர்
மலையில் ஒரு துண்டை ஏற்றிக்கொண்டு
யாரோ கட்டும் மேல்வீட்டுக்குப் போனது.
அது போன திசையை இருவரும் பார்த்தோம்.
பிறகு அவள்தான் எழும்பினாள், வெறுங்காலோடு,
என் தடத்தில் மிதிக்காமல்
தனக்கொரு வழி பிடித்து.

உச்சி.
பதினொரு மீற்றர் என்றது போன்.
ஒரு பக்கம் கடல், வெயிலில் கண் கூசுகிறது.
மறுபக்கம் பழைய மாதா கோயிலின் சுவரை
மணல் முழங்காலில் நிற்கவைத்திருக்கிறது.
வள்ளங்கள் ஏழோ எட்டோ.
எங்களுக்கு மூச்சு வாங்கியது,
பதினொரு மீற்றருக்கு
அது கொஞ்சம் அதிகம்தான்.

ரெங்கநாயகி இடுப்பில் கைவைத்து
கணக்கப்பிள்ளையைக் கூப்பிடும் குரலில்
கடலைப் பார்த்துக் கத்தினாள்:
"எழுதிக்கங்க ஐயா!
ரெண்டு ஆளுக்கும் இன்னைக்கு முழுப்பேர்!"

இறங்க இரண்டு நிமிடமும் ஆகவில்லை,
குண்டியால் சறுக்கினோம்.
ஸ்கூட்டி சீற் கொதித்துக் கிடந்தது.
அவள் தன் துவாயை நனைத்துப் போட்டாள்.

இரவு, தலைமயிரில் இன்னும் மணல்.
முகப்புப் படத்தை விரலால் பெரிதாக்கி
ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
ஒன்பது பேர்.
மேல் மூலையில் இன்னொன்று இருக்கிறது,
குனிந்திருக்கிறவர் போல.
கல்லாகவும் இருக்கலாம்.