நீடாமங்கலம் கேட்

கேட் போட்டாச்சு.
எஞ்சின் முன்னால் போய், பின்னால் வந்து,
நெல் வேகன்களைக் கோத்து முடிக்க
முக்கால் மணி நேரம்.
டிரைவர் சீட்டைச் சாய்த்துவிட்டான்.

எனக்கு அது போதும்.

நேற்று வலங்கைமானில்
மூன்றாவது பாட்டிலேயே ஜி கம்பி இறங்கிவிட்டது.
கீபோர்டு சலேத் என்னைப் பார்க்கவில்லை,
கிதாரைப் பார்த்தான்.
அதுதான் வலித்தது.
பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே முறுக்கினேன்.
ஏறவில்லை, ஏறவில்லை,
பிறகு டிக்கென்று ஒரு சத்தம்,
ஏறியது, வேண்டியதற்கும் மேலே.
கீழே யாருக்கும் தெரியவில்லை என்றார்கள்.
நான் மேலே அல்லவா நின்றேன்.

ஆறு மாதத் தவணையில் புதுப் பிருடைகள் போட்டவள் நான்.
குற்றம் அங்கே இல்லை.
கழுத்து முடியும் இடத்தில்
நட் என்று ஒரு வெள்ளைத் துண்டு,
அதில் ஆறு பள்ளங்கள்.
வழுக்கிப் போக வேண்டிய கம்பி
பல்லிடுக்கில் கீரை நார் மாதிரி
அங்கே மாட்டிக்கொள்கிறது.
கொஞ்சம் பென்சில் கரி இருந்தால் போதும்.

வனமல்லி புருவப் பென்சிலை நீட்டினாள்.
அது மெழுகு, இன்னும் ஒட்டும்.
ரியாஸிடம் பேனா.
ஜன்னலுக்கு வெளியே, டிவிஎஸ் ஃபிப்டியில்,
கொள்முதல் நிலைய எழுத்தர்.
காதில் பென்சில்.
"எழுதிட்டுக் குடுத்துடும்மா."

எழுதவில்லை.
கம்பியைக் கழற்றிவிட்டு
பள்ளத்தில் முனையை வைத்துத் தேய்த்தேன்,
முன்னும் பின்னும்,
அந்த எஞ்சினைப் போலவே.
ஊதிவிட்டேன்.

தலையை உள்ளே விட்டுக் கேட்டார்:
"மரமா, பிளாஸ்டிக்கா?"
"மரம்."
"ஈரப்பதம் எவ்வளவு?"

பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவர்.
சிரிக்கவில்லை. நானும்.
தைப் பனியில் கழுத்து வளையும் என்றேன்,
மதியம் ஒரு சுருதி, ராத்திரி ஒரு சுருதி.
"நெல்லும் அப்படித்தான்.
காலையில பத்தொன்பது, வெயில் பட்டா பதினாறு.
திட்டு மட்டும் எனக்கு."

புதுக் கம்பி கோத்தேன், பிருடையில் இரண்டரைச் சுற்று.
புதுக் கம்பி பொய் சொல்லும்.
பன்னிரண்டாம் கட்டில் விரல் மடித்து இழுத்தேன், இறங்கியது.
ஏற்றினேன், இழுத்தேன்,
கொஞ்சம் இறங்கியது.
நான்காம் தடவை
இறங்க அதனிடம் ஒன்றும் இல்லை.
ஒரு தடவை தாண்டி மேலே போய்விட்டேன்.
அங்கிருந்து இறக்கி நிறுத்தினால் நிற்காது,
கம்பியில் தொய்வு ஒளிந்துகொள்ளும்.
நன்றாகக் கீழே இறக்கிவிட்டு
மறுபடி ஏறித்தான் வர வேண்டும்.
சலேத் கண்ணைத் திறக்காமலே
"அதான்" என்றான்.

கேட் திறந்தது.
இரண்டு பக்கமும் எல்லா ஹார்னும் ஒரே நேரத்தில்,
ஒன்றுக்கொன்று சேராத சுருதியில்.
டிவிஎஸ் ஃபிப்டி லாரிகளுக்கு நடுவே புகுந்து
காணாமல் போனது.

அன்று ராத்திரி கோட்டூரில்
ஏழு பாட்டு வரைக்கும் ஜி கம்பி நின்றது.
எட்டாவதில் இறங்கியது பி.
ஆறு பள்ளத்தில்
ஒன்றுக்குத்தான் நேரம் கிடைத்திருந்தது.

பென்சில் என் கொண்டையில்.
அவர் இன்றைக்கு ஈரப்பதத்தை
பேனாவில் எழுதியிருப்பார்,
அழிக்க வழியில்லாமல்.