தவணை

குழித்துறை ரயில் பாலத்தடியில்
வயிறு நிறைந்தவன் நடைபோல ஆறு.
எட்டுத் தவணை பாக்கி வைத்த
கிங்ஸ்லி ராசையா
அவிச்ச மரச்சீனியை உருட்டி
முள்ளில் ஏற்றுகிறார்.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
“சாரே, ஒச்ச போடாதயும்.”
தாள் புரண்டதைச் சொல்கிறார்.

தலைக்குமேல் திருவனந்தபுரம் பாசஞ்சர்
தடதடத்துப் போனது.
தக்கை அசையவில்லை.
எப்போது செருப்பைக் கழற்றி
பக்கத்தில் உட்கார்ந்தேன், தெரியாது.

பிறகு ஒரு நடுக்கம்.
விரல் நீளக் கெளுத்தி,
மீசை விறைத்து.
குத்துகிற முள்ளுக்குப் பின்னால் பிடித்து
தூண்டிலைக் கழற்றி
தண்ணீரில் விட்டார்.
“குட்டி. வளரட்டு.”

வட்டியும் அப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தக்கை மறுபடி ஆடியது.
அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான்தான்
முழங்கையைத் தொட்டேன்,
ஒச்சையில்லாமல்.