சேதாரம்

பாயை விரித்து மேலே பார்ப்பவன் வாங்க வந்தவன்.
புரட்டி அடியைப் பார்ப்பவன் வியாபாரி.
நான் புரட்டுகிறவன்,
பத்தமடையில் பதினாறு வருஷமாக.

ஒற்றை ரூபாய்க் காசை மேலே வைத்து
அதன் வட்டத்துக்குள் எத்தனை பாவு ஓடுகிறதென்று எண்ணுவேன்.
நாலு என்றால் கல்யாண மண்டபத்துக்கு, பந்திக்கு.
பதினாலைத் தாண்டினால்
குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

பிறகு மடிப்பேன், நாலாக, எட்டாக, கைக்குட்டைபோல.
உள்ளே ஒரு கோரை முறிந்தாலும் காதுக்குத் தெரியும்.
எடை குறையக் குறைய விலை ஏறும் சரக்கு இது.
திராசில் வைப்பவன் ஏமாந்தான்.

பீர்பாத்து கொண்டுவந்ததில் காசு வைத்தேன்: பதினாறு.
ஆற்றில் ஏழு நாள் ஊறிய கோரை,
கத்தி பட்டதே தெரியாத கீற்று,
ஈரவிரலால் தேய்த்தும் கரையில் சாயம் இளகவில்லை.
குற்றம் ஒன்றுதான்.
ஒரு தலைப்பில் சண்முகவடிவு.
மறு தலைப்பில் சேது.
பங்குனியில் நடக்கவேண்டிய கல்யாணம்
மாசியிலேயே நின்றுபோயிருந்தது.

"பேர மட்டும் பிரிச்சு எடுத்துரலாமா?"
"ஊடைய உருவுனா பாவு தளந்துரும் காக்கா.
பொறவு அது பாயில்ல, கோரை."

தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு அது பூவேலை,
முழு விலை கேட்கலாம்.
படிக்கத் தெரிந்தவன்
பாதிக்கும் கேட்கமாட்டான்.
எழுத்தறியாத ஒருவன் வருவான் என்று
மூன்று மாதம் அலமாரியில் வைத்திருந்தேன்.

ஆனிச் சாரல் அடித்த ஒரு மதியம்
"பாய்" என்று ஒரு குரல்.
என்னையா சரக்கையா என்று புரிவதற்குள்
குடையை மடக்கி உள்ளே வந்துவிட்டாள்.
அம்பாசமுத்திரத்தில் வங்கியில் வேலை,
அடகுக்கு வரும் நகையை உரசிப் பார்க்கிற வேலை.
பேர் சொன்னாள். எனக்குக் கை ஓடவில்லை.
கூலி வாங்க வந்து உட்கார்ந்திருந்த பீர்பாத்துதான்
எழுந்துபோய் எடுத்துவந்தாள்.

அவள் பாயைத் தொடவில்லை. கேட்டாள்:
"மொத்தம் எத்தன நாள் வேல?"
"நாப்பத்தாறு."
"எம் பேருக்கு?"
பீர்பாத்து விரல் மடக்கினாள்.
"அஞ்சு. ஒனக்கு நீளம்லா.
ண்-ணுக்குப் புள்ளி வைக்கவே அர நாளு போச்சு."
"அவருக்கு?"
"ஒண்ணர. ரெண்டே எழுத்து. லேசு."

சிரித்தாள். கொஞ்ச நேரம்
சாரல் சத்தம் மட்டும்.
"பேர் வெட்டுன மோதிரம் எத்தனையோ
உருக்கப் போனதப் பாத்திருக்கேன் பாய்.
சேதாரம் கழிச்சா மிச்சம் தங்கம்.
இத என்ன செய்வீங்க?"

பாதி விலை சொன்னேன்.
தாராளம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.
"எதுக்குப் பாதி? ஒண்ணர நாள் கழிச்சாப் போதுமே."
கால்குலேட்டரை எடுத்தேன்.
நாற்பத்தாறால் வகுத்துக்கொண்டிருக்கும்போது
பீர்பாத்து அதன்மேல் கையை வைத்தாள்.

"அதையும் கழிக்கப்பிடாது காக்கா.
அந்த ஒண்ணர நாளும் தறியில
நாந்தான் உக்காந்தேன்.
அவரா வந்து உக்காந்தாரு?"

எண்ணி வைத்தாள், முழுதாக.
எட்டாக மடித்து
டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் செருகினாள்.
பை புடைக்கக்கூட இல்லை.

படியில் நின்று திரும்பினாள்:
"பாய்க்குத் தலமாடு எது?"
"அப்படி ஒண்ணும் கெடையாதும்மா.
படுக்கவங்க வைக்கதுதான்."
"அப்பம் காலு எங்கங்கதும்
நான் வைக்கதுதான்."
அம்பைப் பஸ் ஹாரன் கேட்டது. ஓடினாள்.

பீர்பாத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு
நோட்டில் எழுதினேன்:
பாய் ஒன்று. பதினாறு. கழிவு இல்லை.
வாங்கியவர் பெயர் என்ற கட்டத்தில்
ஐந்தாம் எழுத்திலேயே கோடு வந்துவிட்டது.
மீதி இரண்டை
அடுத்த கட்டத்துக்குள் எழுதினேன்.