வியாழக்கிழமைப் புகை

வியாழன் காலை ஏழேகால்.
புக்கிட் பாத்தோக்கில் அந்தக் கொண்டோ முழுக்க
சன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொள்ளும்.
அதுதான் எனக்கு வரவேற்பு.

இயந்திரம் பதினோரு கிலோ, எண்ணெயோடு.
மூன்றாவது இழுப்பில்தான் உறுமும், எப்போதும்.
பிறகு வெள்ளையாய், வேலிச்செடிக்குள்ளே,
சாக்கடை மூடிக்குள்ளே,
ஊஞ்சலைத் தாண்டி.
எது கொசு, எது கொசு இல்லை
எனக்குத் தெரியும்.
புகைக்குச் சொல்ல வழியில்லை.

எட்டு மணிக்கு நூர்லியா துடைப்பத்தோடு வருவார்.
முறத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்:
தட்டான் ஏழு.
தேனீக்கள், ஒரு கைப்பிடி.
இறக்கையை இன்னும்
திறந்து மூடித் திறந்து
ஒரு மஞ்சள் பூச்சி.
"கொசு எங்கே?" என்று கேட்பார்.
சிரிக்கமாட்டார்.

கொசுவுக்காக நான் பேசவில்லை.
காத்தமுத்து என் கட்டிலுக்கு மேல்கட்டில்.
டெங்கியில் ரத்தத்தட்டுகள் பத்தொன்பதாயிரம் என்றார்கள்.
ஈறில் ரத்தம் வழிய
ஊருக்குச் சொல்லாதே என்றான்.
நான் சொல்லவில்லை.
ஐந்து நாள் அவன் போர்வையை மடித்து மடித்து வைத்தேன்.

அவன் வேலையிடத்தில் பிறகுதான் கண்டார்கள்,
மல்லாந்து கிடந்த மஞ்சள் தலைக்கவசம்,
அதில் போன வார மழை,
அதில் தலைகீழாய் ஆடும் கூத்தாடிப் புழுக்கள்.
அங்கேயும் வாராவாரம் புகை போட்டிருக்கிறார்கள்.
எந்தப் புகையும்
அந்தத் தொப்பிக்குள் குனிந்து பார்க்கவில்லை.

படிவத்தில் கட்டங்கள் உண்டு:
இடம், நேரம், மருந்து எத்தனை லிட்டர், கையெழுத்து.
பின்பக்கம் வெறுமை.
அங்கே எழுத ஆரம்பித்தேன்.
தட்டான் 7. தட்டான் 4. தேன்சிட்டு 1
(அது புகையாலா தெரியாது; அப்படியே எழுதினேன்).
பதினொரு வியாழன்.

யாரோ திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.
நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்,
கதவோரம் ஒரு நாற்காலி.
பொருளாளர் திருமதி சியா சொன்னார்,
"புகை தெரிந்தால்தானே
வேலை நடந்த மாதிரி இருக்கிறது."
யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.
ஆனாலும் கை தூக்கியதில் ஆறுக்கு ஐந்து:
மூன்று மாதம் சோதனை.
யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும் இயந்திரம்.

இப்போது என்னிடம்
நீளக் கைப்பிடிக் கரண்டி, டார்ச், ஏணி.
ஐம்பத்திரண்டு தொட்டித் தட்டுகள்,
பதினேழு கூரைத் தாழ்வாரங்கள்.
முன்பு நாற்பது நிமிடம்,
இன்று பொழுது முழுக்க.
சூப்பர்வைசர் கணக்குப் பார்த்து முனகுகிறார்.
ஒன்பதாம் மாடிக்காரர் கேட்கிறார்,
"காசு கட்டுகிறோமே, புகை எங்கே?"
நான் கரண்டியைக் காட்டினேன்,
நாலு புழுக்கள் நெளிந்தன.
அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

நேற்று மணிக்கட்டில் ஒன்று உட்கார்ந்தது.
அடித்தேன். என் ரத்தமா, யாருடையதோ.

இன்று மாலை நீச்சல்குளத்தின் மேல்
தட்டான்கள், எண்ணவில்லை,
முழங்கால் உயரத்தில்.
தாழப் பறந்தால் தப்பாமல் மழை.
மழை என்றால் ஐம்பத்திரண்டு தட்டுகள்,
மறுபடி, முதலிலிருந்து.

ஏணியைத் தூக்குகிறேன்.
இதுவும் ஏறக்குறைய
பதினோரு கிலோ.