நடுப்பாகம்

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துப்பறியும் நாவல்.
எழுபத்தொன்று டிசம்பர், அகர்தலாவுக்கு மேற்கே,
மூன்று டாக்டர்கள், ஒரு அரிக்கேன் விளக்கு.
காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை.
இருபத்திரண்டாம் நம்பர் பிளேடால்
முதுகில் இரண்டு வெட்டு போட்டேன்,
புத்தகத்தின் முதுகில்தான்.
பர்மிந்தருக்குத் தொடக்கம். மேஜர் ஷோமுக்கு முடிவு.
எனக்கு எண்பத்தொன்று முதல் நூற்றறுபது வரை.

செத்தது யாரென்று தெரியாது.
ஏன் எல்லோரும் மழையில் நிற்கிறார்கள் என்றும் தெரியாது.
பரவாயில்லை, எங்கள் கூடாரத்துக்கு வந்தவர்களும்
நடுவிலிருந்துதான் வந்தார்கள்.

வாசிப்பு என்ன பெரிய வாசிப்பு.
கத்திகள் வெந்நீரில் கொதிக்கும் இருபது நிமிடம்,
பிளாஸ்மா இறங்குகையில் அரைப்பக்கம்.
தொண்ணூற்றேழில் அயோடின் கறை.
அடையாளத்துக்குக் காயச்சீட்டு வைப்பேன்,
முதலில் எழுதாதவை,
பிறகு எழுதி, தேவைப்படாமல் போனவை.

ஒரு கருங்கல்காரன். வயிற்றில் சில்லு.
மேஜை காலியாகும்வரை பக்கத்தில் கிடந்தான்.
"என்னவாக்கும் சார் வாசிக்குது?"
சொன்னேன், நம்மூர்ப் பேச்சிலேயே.
இன்ஸ்பெக்டர் "ஓய்" என்று அதட்டினார்,
சீமாட்டி கட்டன்சாயா குடித்தாள்,
நூற்றறுபதில் பக்கம் தீர்ந்தது.
"கொன்னது யாராக்கும்?"
முடிவு ஷோமோடு ஆற்றைக் கடந்து போயிருந்தது.
தோட்டக்காரன், என்றேன்.
"எனக்கு அப்பளே தெரியும்."
ஈதரை அதன் பிறகுதான் வைத்தோம்.

குழித்துறைப் பாலத்துக்கு இப்புறம் என் ஆஸ்பத்திரி.
மார்த்தாண்டத்துப் பழைய புத்தகக் கடையில்
முழுப்பிரதி கிடைத்துப் பதினொரு வருஷம்.
மருந்துக் கம்பெனிக் காலண்டர்களுக்கு அடியில் கிடக்கிறது.
என் எண்பது பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.
ஷோம் திரும்பி வரவில்லை என்பதைச் சொல்லவேண்டும்.
நூற்றறுபத்தொன்றைத் திருப்பக் கை வரவில்லை.

போன வியாழன் தாசையன் வந்தான்.
சுகர், குதிகாலில் ஆறாத புண்.
கேட்காமலே சட்டையைத் தூக்கித் தழும்பு காட்டினான்.
என் தையல், கோணல்.
மக்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறானாம்.
"ஆனா ஒரு காரியம் சார்,
அந்தத் தோட்டக்காரன் பாவம்.
கூலி ஒழுங்கா குடுத்திருக்க மாட்டானுவ."

இருக்கும், என்றேன்.
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
நூற்றறுபது.