பதினோராம் வாரம் செத்தவன்

"நான்தான் செத்துப்போனேனே" என்றேன் போனில்.
பதினோராம் வாரம், புதன் இரவு,
சாராயக்கடைக் கூரையிலிருந்து வைக்கோல் வண்டிமேல் விழுந்து.
"அதனாலென்ன சார், இப்ப நீங்க இரட்டைப் பிறவி.
தம்பி. பழிவாங்க வர்றீங்க."
குரலைக் கேட்டால், எங்கள் பாலைப்பேட்டை
டி.வி.யில் ஓடியபோது
இந்த இயக்குநர் பிறந்தே இருக்கமாட்டான்.

ஆக, கூட்டுறவு வங்கியில் ஓய்வுபெற்ற இன்னாசிமுத்து,
சர்க்கரை நூற்றெண்பது,
மறுபடி கொள்ளைக்காரன் ஆனேன்.

அணைக்கரைக்குக் கிழக்கே கொள்ளிடத்து மணல்.
அன்றைக்கு அதைப் பாலைவனமாக்க
நாணல் வெட்டி, ஊற்றுகளைத் தூர்த்து
நாலு நாள் பாடுபட்டோம்.
இந்தமுறை வேலையே இல்லை.
லாரிகள் தோண்டிப்போட்ட பள்ளத்தைக் காட்டி
"பள்ளத்தாக்கு ரெடி" என்றார் கலை இயக்குநர்.
தெர்மகோல் கள்ளிகள் கும்பகோணத்திலிருந்து.
காற்றில் உருளவேண்டிய முள்பந்துக்கு மட்டும்
கோடியக்கரைக்கு ஆள் போய்
ராவணன் மீசை இரண்டு சாக்கு அள்ளிவந்தான்.
காற்று ஓய்ந்தால் ஒரு பையன் நூல் கட்டி இழுப்பான்.

எல்லோரும் வந்திருந்தார்கள், இருக்கிறவர்கள் எல்லோரும்.
பாட்டுக்காரி ரோசியாக அமிர்தவல்லி:
அதே சிவப்புப் பாவாடை, இருபுறமும் ஒட்டுத்துணி.
கொல்லனுக்குப் பதில் கொல்லனாக நடித்தவரின் மகன்,
அவனுக்குச் சுத்தியலைப் பிடிக்கத் தெரியவில்லை.
குதிரைகள்தான் யாருக்கும் உறவில்லை.
நாகூர் செய்யது காசிம் அனுப்பியவை,
மாப்பிள்ளை ஊர்வலத்தில் பழகியவை.
வெடிச்சத்தம் கேட்டதும் முன்காலைத் தூக்கி ஆடின.
சண்டைக் காட்சி முழுக்கக் கல்யாணக் களை.

ஷெரீப் கோதண்டபாணி வேனிலிருந்து இறங்கினான்.
விக், அதன்மேல் தொப்பி.
நெஞ்சில் நட்சத்திரம், அதற்கடியில் பைபாஸ் தையல்.
குதிரையேற முக்காலி போட்டார்கள்.
முக்காலி காமிராவில் தெரியாமல் மறைத்து நிற்பது என் வேலை.
"சௌக்கியமா?"
"ம்."

பதினோராம் வாரம் அவன் சுட்டது வெறும் மருந்துதான்.
நாலடி தள்ளிச் சுடவேண்டியவன்
முகம் பிரேமுக்குள் வரட்டுமென்று ஓரடியில் சுட்டான்.
அன்றிலிருந்து என் வலது காதில் ஒரு சில்வண்டு,
சில்வண்டைத் தவிர ஒன்றுமில்லை.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தயாரிப்பு நிர்வாகி வந்தார்,
அரை டஜன் ஆப்பிளோடு.
அவன் வரவில்லை.

கடைசி நாள். மேட்டூரில் திறந்து ஒரு வாரமாகியிருந்தது.
மதகைத் தூக்கப்போகிறார்கள் என்று லஸ்கர் வந்து சொல்லிப்போனார்.
சாயங்கால வெளிச்சம் கால்மணி நேரத்துக்குத்தான் மிச்சம்.
தம்பி துப்பாக்கியைக் கீழே போடவேண்டும்,
ஷெரீப் அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்.
போட்டேன். கட்டிக்கொண்டான்.
தொப்பி விளிம்புகள் மோதிக்கொண்டன.
எழுதிக்கொடுத்தது ஒரு வரி.
அவன் என் தோளில் தாடையை வைத்து
நீளமாக என்னவோ சொன்னான்,
நடுவில் ஒருமுறை நிறுத்தி, திரும்பத் தொடர்ந்து.
மூச்சு சுடச்சுட வலது காதில் பட்டது.
சில்வண்டு.

"கட்! வாயசைவு தெரியல. டப்பிங்ல பாத்துக்கலாம்."

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது,
சருகும் நுரையுமாக, பாய் விரிக்கிற வேகத்தில்.
முதலில் கிளம்பியவை கள்ளிகள்,
நிமிர்ந்தபடியே ஒவ்வொன்றாக.
ஆட்கள் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட,
ஊர்வலக் குதிரைகள் நகரமாட்டேனென்று நின்று குடித்தன.
அவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கரையேற்றினார்கள்.

டப்பிங் எங்களுக்குத் தனித்தனி நாள்.
போன ஞாயிறு மத்தியானம் படத்தைப் போட்டார்கள்.
அந்த இடத்தில் வயலின், அதன்மேல் அவன் குரல்:
"உங்கண்ணன் வீரன்டா."
மகள் சத்தத்தைக் கூட்டினாள்.

என்னிடம் எதுவானாலும்
இடப்பக்கம் வந்துதான் சொல்லவேண்டும்.
பால்காரருக்குத் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும்.
அவனுக்குத் தெரியாதா?
தெரிந்துதான்
அந்தப் பக்கம் வந்தானா?