உள்ளளவும்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் வேலை
மைக்ரோஸ்கோப்பில் சில்லு பார்ப்பது.
கீறல், குமிழி, வளைந்த கால்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று: ஐந்து ரிஜெக்ட்.
பதினேழு வருஷமாய் இப்படித்தான் எண்ணுகிறேன்.

ஆகவே அவர் கை முதன்முதலில் வெட்டியபோது
நான் அழவில்லை. எண்ணினேன்.

கோப்பிக் குவளை தரையில் உடைந்த காலை அது.
வலது கன்னம் கோணி, வலது கை முறுக்கி,
இமைக்கும் நேரம்தான்.
பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி
'இன்னொரு கோப்பி போடு' என்றார்.

ஜெலுத்தோங் மளிகைக் கடையில்
ஒரு 555 நோட்டு வாங்கினேன்.
செவ்வாய்: பதினொன்று.
வெள்ளி: முப்பத்திரண்டு.
எனக்கு இரவு ஷிப்ட் என்றால் மகள் எண்ணுவாள்,
அவள் கோடுகள் சாய்ந்திருக்கும்.

முதல் டாக்டர் மன உளைச்சல் என்றார்.
இரண்டாமவர் வலிப்பு மாத்திரை தந்தார்;
கோடு குறையவில்லை, தூக்கம்தான் கூடியது.
தலையெங்கும் ஒயர் ஒட்டி வரைந்த படம் சுத்தம்.
ஸ்கேனும் சுத்தம்.
கீழ்வீட்டு மரகதவல்லி காதோடு சொன்ன ஆளிடமும் போனேன்.
மறைக்கவில்லை, நோட்டிலேயே இருக்கிறது:
எலுமிச்சை, முப்பது ரிங்கிட்.
அன்று நாற்பது.

அதற்குள் வேறொன்று கழன்றது.
பட்டர்வொர்த் ஃபெரியில் இருபத்தாறு வருஷம்
வண்டிகளை வரிசை கட்டியவர்
எங்கள் மாடி எதுவென்று தெரியாமல்
லிஃப்டுக்குள் நின்றார்.
மார்ச்சில் தானே விற்ற மோட்டார் சைக்கிளைக்
கீழே இறங்கித் தேடினார்.
தினமும் தேடினார்,
தினமும் திருடனைத் திட்டினார்.

ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது என்றார்கள்.
நூற்றிருபத்து நாலு.
பிரஷருக்காகக் குழம்பில் உப்பைக் குறைத்தவள் நான்.
அன்றிரவு ஆஸ்பத்திரி நாற்காலியில்
பழமொழி ஒன்று எதிரே வந்து உட்கார்ந்தது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
உப்பைக் குறைத்தவளை?

டாக்டர் ஓங் சியூ லிங் நோட்டைப் புரட்டினார்.
அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.
மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி,
முகமும் கையும் சேர்ந்தா, ஒரே பக்கமா என்று
மலாயில் கேட்டார்.
நான் வாய் திறக்கும் முன்
கட்டிலில் இருந்தவரே காட்டிவிட்டார்.
இரண்டு விநாடி.
டாக்டர் என் பேனாவை வாங்கி
ஒரு கோடு போட்டார்.

பிறகு எல்லாம் வேகம்.
முதுகில் ஊசி, தெளிந்த நீர்,
நாலு குழாய் ரத்தம், கோலாலம்பூருக்கு.
எங்காவது கட்டி ஒளிந்திருக்கிறதா என்று
நெஞ்சையும் வயிற்றையும் தேடினார்கள்; இல்லை.

உப்பைப் பற்றிக் கேட்டேன்.
மிஸி கார்குழலி தமிழில் சொன்னாள்:
அங்கிள் உடம்போட காவல்காரனே
வீட்டு ஆளைத் திருடன்னு நெனச்சி
மூளைக்குள்ள போட்டு அடிக்கிறான்.
அந்த அடியிலதான் உப்பும் கொட்டுச்சி.
உங்க குழம்பு இல்லக்கா.

முடிவு வர மூன்று வாரம் ஆகும்.
அதுவரை காத்திருந்தால் என்ன மிஞ்சுமோ என்று
ஐந்து நாள் மருந்தை நரம்பில் இறக்கினார்கள்.
முப்பத்தெட்டு. முப்பத்தாறு.
ஒரு வாரம் கழித்துப் பத்தொன்பது. நாலு.
காகிதம் வந்து 'ஆம்' என்றபோது
நோட்டில் வெறும் பக்கம்.

அவருக்குள்ளும் சில பக்கம் வெறுமைதான்.
மகளுக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்த நாள்
அங்கேதான் எங்கோ போயிற்று.
மோட்டாரை இன்னும் கேட்கிறார்,
வாரம் ஒரு தரம்.

நேற்று அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து
ஜன்னலோரம் கோடு கோடாகப் பார்த்தார்.
'எந்த லைன்ல இவ்வளவு ரிஜெக்ட்?'

அந்த லைனை மூடிட்டாங்க, என்றேன்.

மூடியாயிற்றா என்று
டாக்டரே இன்னும் சொல்லவில்லை.
ரசத்துக்கு உப்புப் போட்டுவிட்டு
அவர் வலது கையை
ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.